பணம் போனில் வருகிறது, தவணை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது
'கைபேசி வங்கியும் குழுக் கடனும் வந்த பிறகு கிராமத்துப் பெண்கள் கந்துவட்டியிலிருந்து மீண்டுவிட்டார்கள்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதில் பாதிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நேராக என் அம்மாவின் கணக்கில் விழுகிறது, நடுவில் யாரும் கை வைக்க முடியாது, பெரிய விஷயம்தான். (அதை எடுக்கக் கடைக்குப் போனால், களை பறித்துத் தேய்ந்த விரலைக் கைரேகை இயந்திரம் லேசில் ஏற்பதில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து நாலாவது தடவைதான் பணம் வரும்.) ஆனால் நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் குழுக் கடன் வேறு கதை. தவணை நாளன்று காலை ஏழு மணிக்கே ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பத்துப் பேரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்டும்வரை யாரும் எழுந்து வேலைக்குப் போக முடியாது. பக்கத்து வீட்டு அக்கா இதற்காகவே காதுத் தோட்டை அடகு வைத்தார். அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் 'வாங்கும்போது யோசிக்க வேண்டாமா' என்று கேட்டிருக்கிறார். சரி, கொடுப்பவர்? குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. அந்த அக்காவுக்கு ஏற்கெனவே மூன்று இடத்தில் கடன். நாலாவதாக வந்தவர் வருமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் முதலில் சேமிப்பு, அப்புறம்தான் கடன். கட்டுரை இந்தக் குழுக்களையும் நிறுவனங்களின் குழுக் கடனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது.