அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் "வீட்டில் உன்னை அடிக்கிறார்களா?" என்று கேட்பவர்கள் அரிது. கேட்டாலும் பக்கத்திலேயே கணவனோ மாமியாரோ உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நாட்டின் சராசரி 29. வெளியே சொன்னவர்களின் கணக்குதான் இது.

"பிள்ளை பிறந்தா திருந்திடுவான்" என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கோவாவில் தாய்மார்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்தது. கணவனிடம் அடிபட்டவளுக்குப் பெண் குழந்தை பிறந்தால் ஆபத்து இன்னும் கூடியது. பிள்ளை வந்து அவளைக் காப்பாற்றவில்லை.

அவள் தூங்காமல் அழுதுகொண்டிருந்தால், குழந்தையைத் தூக்கவே மனம் வராமல் இருந்தால், "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ கேள்வித்தாள் 1987 முதலே இருக்கிறது. பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு. ஆனால் அதில் அடியைப் பற்றிக் கேள்வி இல்லை. அதைக் கேட்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து, அடி விழும் அதே வீட்டுக்கு அனுப்பினால் அது என்ன வைத்தியம்?

எப்போது கேட்பது? வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவள் கைக்குழந்தையோடு திரும்பும் மாதங்களை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் 6, 10, 14-ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசிக்கு வருகிறாளே! குழந்தையை அப்பா கையில் கொடுத்து எடை பார்க்க அனுப்பிவிட்டு, அந்தச் சில நிமிடம் செவிலியர் அவளோடு தனியாகப் பேசலாம்.

சரி, "ஆமா, அடிக்கிறார்" என்று அவள் சொல்லிவிட்டால்? முதலில் நம்ப வேண்டும். "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லவே கூடாது. பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அந்த வீட்டில் வாழ அவளுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு 14416. இவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், அவள் பையை வீட்டில் துழாவுவார்கள். 181 மூன்றே இலக்கம்தான், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.