எழுந்து நிற்கச் சொன்னீர்களே, அதைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மார்த்தாண்டம் பக்கத்தில் அது வராத வாட்ஸ்அப் குரூப் இல்லை. அதனால் எந்த மண்டபம், யார் பேசியது என்று நான் எழுதப் போவதில்லை. "பவுடர் பால் கொடுக்கிற அம்மாமார் கொஞ்சம் எழுந்து நில்லுங்க, பார்ப்போம்" என்று மைக்கில் கேட்டதும், கைக்குழந்தையோடு அந்தப் பெண் எழுந்து நின்றதும், பின்வரிசை சிரித்ததும்தான் விஷயம். தாய்ப்பால் வார விழாவாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டப்பா கம்பெனிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது. முதல் ஆறு மாதம் அது மட்டும், அப்புறம் மற்ற உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலும் சட்டப்படி அச்சடித்தே ஆக வேண்டும். அந்த வரியை மேடையில் இருந்தவர்களைவிட அதிகம் தடவை வாசித்தவள் அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த டப்பாவைத் திறப்பவள் அவள்தானே.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கூடக் கொடுப்பது வேறு, நிறுத்துவது வேறு. அவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும், கூட்டம் தொடங்குவதற்கு முன்னால்கூட பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தாய்ப்பாலும் கொடுத்து, போதாததற்கு ஒரு வேளையோ இரண்டு வேளையோ பவுடரும் கொடுக்கிறவளை, பாலே கொடுக்காதவள் மாதிரி நிற்க வைத்தீர்கள். பாலே கொடுக்காதவளாக இருந்தாலும் நிற்க வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது, அது வேறு.

ஏன் கூடக் கொடுக்கிறார்கள்? சோம்பேறித்தனம், அழகு கெட்டுவிடும் என்ற பயம், டிவி சீரியல். இந்த மூன்றைத் தவிர நான்காவது காரணம் நம் ஊரில் யாருக்கும் தோன்றாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால்தான் வரும், கொஞ்சம்தான் வரும், அது போதும். ஆனால் சிசேரியன் ஆனவளுக்கும், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனவளுக்கும், சர்க்கரை உள்ளவளுக்கும் பால் இறங்குவது தள்ளிப் போகலாம். தைராய்டு, சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள சிலருக்குக் கடைசிவரை குறைவாகவே இருக்கும். பிறந்த பிள்ளை முதல் சில நாளில் எடை குறைவது சகஜம். பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் டாக்டர் சும்மா இருக்க மாட்டார். குறைமாதம், ரத்தத்தில் சர்க்கரை குறைவது, மஞ்சள் காமாலை, இரட்டைப் பிள்ளை என்று இன்னும் இருக்கிறது. இதில் எது அந்தப் பெண்ணுக்கு என்று எனக்குத் தெரியாது. மைக் பிடித்தவருக்கும் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன், பலருக்குத் தெரிந்ததுதான். மகள் பிறந்தபோது நான் திருவனந்தபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். குழித்துறையில் காலை ரயில், திரும்பி வர ராத்திரி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017இல் சட்டம் வந்ததே, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை என்று பழைய சட்டத்திலேயே இருக்கிறதே, அதெல்லாம் அங்கே கேட்டால் சிரிப்பார்கள். உட்காரவே விடாத கடை. கடைப் பெண்கள் உட்காரலாம் என்று கேரளத்தில் 2018இல் தனியாகச் சட்டம் போட வேண்டி வந்ததே, அந்த லட்சணம்தான். மத்தியானம் ஆனால் மார்பு கல்லாகக் கட்டிவிடும், யூனிஃபார்ம் சேலை நனையும். கக்கூஸில் நின்று பீய்ச்சிக் கொட்டுவேன். என் பிள்ளைக்கு வீட்டில் பவுடர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அவளுடைய பாலை நான் கேரளத்தில் ஒரு கக்கூஸில் கொட்டிக்கொண்டிருந்தேன். இது யாருடைய தப்பு, மைக் பிடித்த மேடம்? நான் எழுந்து நிற்க வேண்டுமா, கடைக்காரர் எழுந்து நிற்க வேண்டுமா?

"பீய்ச்சி எடுத்து வைக்கலாமே" என்பார்கள். வைக்கலாம். வெளியில் வைத்தால் நாலு மணி நேரம்தான் தாங்கும், ஃப்ரிட்ஜ் வேண்டும், சுத்தமான இடம் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். கடையில் ஃப்ரிட்ஜ் இருந்தது. முதலாளியின் இளநீருக்கு.

"பவுடர் கொடுத்தால் பால் வற்றிவிடும்" என்பது அடுத்தது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும். பவுடர் கொடுத்த வேளையில் பீய்ச்சாமல் விட்டால் குறையத்தான் செய்யும். அதனால் முதலில் மார்பில் போட்டுவிட்டு அப்புறம் கூடக் கொடுக்க வேண்டும், பாட்டிலுக்குப் பதில் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுக்க வேண்டும், தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், டப்பாவில் போட்ட அளவை மீறவும் கூடாது, மிச்சம் பிடிக்கத் தண்ணீராகக் கலக்கவும் கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அது விழிப்புணர்வு. எனக்கு இதையெல்லாம் சொன்னது ஒரு மலையாளி நர்ஸ், அதுவும் யாரும் கேட்காத மாதிரி மெதுவாக. நான் இரண்டு வயது தாண்டியும் பால் கொடுத்தேன் என்றால் நடுவில் அந்த டப்பா இருந்ததால்தான். அது இல்லை என்றால் வேலையை விட்டிருப்பேன், இல்லை பாலை விட்டிருப்பேன். கூடக் கொடுத்ததால் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், திரும்பத் திரும்பத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அந்தக் காலத்தில் எந்த டப்பா இருந்தது" என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுப்பாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். என் பாட்டி பெற்றது ஒன்பது, வளர்ந்தது ஆறு. மீதி மூன்றைப் பற்றி எந்த மேடையிலும் பேச மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. பிள்ளை பிறந்ததும் பொன்னும் வயம்பும் (வசம்பு) தேனில் உரைத்து நாக்கில் வைத்தது யார்? மூன்றாம் மாதமே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி காய்ச்சி ஊட்டியது யார்? மட்டிப்பழத்தை நசுக்கி வாயில் வைத்தது யார்? ஒரு வயதுக்குள் தேனே கொடுக்கக் கூடாது என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டாலும் கேட்காதவர்கள், டாக்டரே எழுதிக் கொடுத்த பவுடருக்கு முகம் சுளிக்கிறார்கள். "பாலு காணாது, அதாக்கும் பிள்ளை கிடந்து கரையுது" என்று பிரசவித்த மறுநாளே அவள் காதில் ஓதுவதும் இவர்கள்தான். அவள் பயந்துபோய் டப்பா வாங்கினால் "பெத்தவளா இவ" என்பதும் இவர்கள்தான். என் மாமி இதைப் படித்தால் படிக்கட்டும்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பது தமிழ்நாட்டில் நூற்றுக்கு 55 பேர்தான். மற்ற 45 பேருக்குத் தண்ணீரோ, பசும்பாலோ, பவுடரோ ஏதோ ஒன்று கூடப் போகிறது. அப்படியென்றால் அந்த மண்டபத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றது எப்படி? மற்றவர்கள் விவரமானவர்கள், உட்கார்ந்தே இருந்துவிட்டார்கள். உண்மை சொன்னவள் மாட்டிக்கொண்டாள். சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் டப்பா இருக்கிறதோ.

தமிழக அரசு ஊழியருக்கு 2021இலிருந்து 12 மாத மகப்பேறு விடுப்பு. சந்தோஷம், கொடுக்கத்தான் வேண்டும். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரித் தோடு உடைத்து, கையெல்லாம் எண்ணெய் பட்டுப் பொத்துப்போகிற பெண்ணுக்கு எத்தனை மாதம்? விடியும் முன்னால் ரப்பர் வெட்டப் போகிறவளுக்கு? பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை 2015இல் திறந்தார்கள். நல்ல திட்டம். நம் பக்கத்தில் எத்தனை அறையில் உட்கார முடிகிறது என்று அடுத்த வார விழாவில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்களேன்.

அன்று திருவிதாங்கூரில் இருந்த இந்த மண்ணில் பெண்ணின் மார்பைப் பற்றி ஊர் கூடி நியாயம் பேசுவது புதிதா? மறைக்கக் கூடாது என்று அடித்தார்கள், சீலையைக் கிழித்தார்கள். 1859இல் ராஜா உத்தரவு போட்டுத்தான் சாணார் (நாடார்) பெண்கள் மேலாடை போட முடிந்தது, அதிலும் இன்ன மாதிரி போடக் கூடாது என்று நிபந்தனை. இப்போது யாரும் சீலையைப் பிடித்து இழுப்பதில்லை. மைக்கில் கேட்கிறார்கள், செல்போனில் படம் பிடிக்கிறார்கள். மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் வருவீர்கள், தெரியும். உங்களை யாராவது நானூறு பேர் நடுவில் நிற்க வைத்து உங்கள் உடம்பு சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறார்களா? கேட்டபின் வாருங்கள்.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். பிள்ளையின் முகமும் அதில் தெரிகிறது. கமென்டில் அறிவுரை சொல்கிற ஆண்களுக்குப் பதில் போட மாட்டேன், ராத்திரி எழுந்து பிள்ளையை ஏப்பம் விட வைத்த அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. கூடக் கொடுக்கிற அம்மாக்கள் யாருக்காவது பாலாடையில் எப்படிக் கொடுப்பது, வேலை இடத்தில் எப்படிப் பீய்ச்சுவது என்று கேட்க வேண்டுமானால் உள்பெட்டிக்கு வாருங்கள், கூச்சப்பட வேண்டாம். பகலில் வேலை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் பதில் போடுவேன்.