'மனிதக் கை படாத தீவு' என்று இனி எழுதாதீர்கள்

கலாபகோஸ் தீவுகளைப் பற்றி யார் எழுதினாலும் 'மனிதக் கை படாத சொர்க்கம்' என்ற வரி எங்காவது வந்து உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சின்னக் கப்பலில் தீவு தீவாகச் சுற்றும் பயணத்தின் முதல் நாள் ஒன்றே போதும், அங்கே எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ள.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1000 கிலோமீட்டர். அந்நாட்டுத் தலைநகர் கீட்டோவின் விமான நிலையத்திலேயே கெடுபிடி ஆரம்பித்துவிடும். பழம், விதை ஏதாவது பையில் இருக்கிறதா என்று துருவிப் பார்த்த பிறகுதான் விமானத்துக்கு அனுப்புகிறார்கள். பால்ட்ரா தீவில் இறங்கியதும் தேசியப் பூங்காக் கட்டணம். வெளிநாட்டவருக்கு 100 டாலராக இருந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து 200 ஆகிவிட்டது. அப்புறம் பஸ், படகுத்துறை, கப்பல். அதுவரை ஒரு பறவையைக்கூட நின்று நிதானமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் கப்பலில் பயணிகள் 16 பேர். ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் 16 பேருக்கு மேல் கூடாது என்பது பூங்காவின் விதி. அதனால்தான் சின்னக் கப்பல்கள் பலவும் இந்தக் கணக்கில் ஓடுகின்றன. பெரிய கப்பலுக்கும் 100 பேர்தான் உச்சவரம்பு. எந்தத் தீவுக்கு எப்போது போகலாம் என்பதும் பூங்கா நிர்வாகம் ஒப்புக்கொண்ட அட்டவணைப்படிதான். இங்கே நன்றாக இருக்கிறதே, நாளையும் வரலாம் என்று கேப்டன் நினைத்தால் நடக்காது.

லைஃப் ஜாக்கெட் போட்டுப் பழகிய கையோடு விதிகளைச் சொல்ல உட்காரவைத்தார்கள். விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பாதையை விட்டு விலகக் கூடாது. தின்பண்டம் கொண்டு இறங்கக் கூடாது. ஃபிளாஷ் கூடாது, ட்ரோன் கூடாது. ட்ரோனோடு வந்திருந்த ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு பணம் கட்டியும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நடத்துகிறார்களே என்று முனகிக்கொண்டே இருந்தார்.

மாலையில் நார்த் சீமோர் தீவு. பங்கா என்று அவர்கள் சொல்லும் ரப்பர் படகில் போய்ப் பாறையில் இறங்க வேண்டும். உள்ளங்கையைப் பிடித்தால் வழுக்கும் என்று மணிக்கட்டுக்கு மேலே முழங்கையைப் பார்த்துப் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். ஏறிய இடத்திலேயே ஒரு கடற்சிங்கம் பாதையை அடைத்துக்கொண்டு தூங்கியது. 2 மீட்டர் விதி நமக்குத்தான், அதற்குத் தெரியாது! நீலக்கால் பூபி என்ற கடற்பறவைகள் நாம் நடக்கும் பாதை ஓரமாகவே முட்டையிடுகின்றன. ஃபிரிகேட் ஆண்பறவைகள் புதருக்குப் புதர் சிவப்புத் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கேமராக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

நான் நின்றது மஞ்சள் நிறத் தரை இகுவானாக்களிடம், அதாவது பெரிய பல்லியினப் பிராணிகளிடம். சொல்லப்போனால் அவை இந்தத் தீவின் பிராணிகளே அல்ல. 1930-களின் தொடக்கத்தில் பக்கத்து பால்ட்ராவில் அவை இரை போதாமல் மெலிந்து கிடந்தன. அங்கே வந்த, ஹான்காக் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் பயணக் குழுவினர் சுமார் 70 இகுவானாக்களைப் பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பால்ட்ரா அமெரிக்க விமானத் தளமானது. 1950-களின் நடுவில் அங்கே ஓர் இகுவானாகூட மிச்சமில்லை. இங்கே வந்தவற்றின் வாரிசுகளைச் சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்தில் வைத்துப் பெருக்கி, 1991-ல் பால்ட்ராவில் திரும்ப விட்டார்கள். நார்த் சீமோரில் இவற்றின் கூட்டம் அதிகமானதும், 2019 ஜனவரியில் 1,400-க்கும் மேற்பட்டவற்றைச் சாண்டியாகோ தீவுக்கு அனுப்பினார்கள். 1835-ல் இகுவானா வளை இல்லாத இடமாகப் பார்த்துக் கூடாரம் அடிக்கவே திண்டாடியதாக டார்வின் எழுதியது அந்தச் சாண்டியாகோவைப் பற்றித்தான். பிறகு மனிதன் கொண்டுவந்து விட்ட பன்றிகளும் மற்றவையும் சேர்ந்து அவற்றை அங்கே ஒழித்துக்கட்டின.

மனிதன் அழித்தான், மனிதனே தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினான். ஒரு விதையைக்கூடத் தீவு மாற்றக் கூடாது என்ற இன்றைய விதி அன்று இருந்திருந்தால் பால்ட்ரா இகுவானா இன்று இல்லை. அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. அன்று 70 இகுவானா வந்த அதே கடல்வழியில் எலியும் வந்ததே!

எலிக் கதையும் இங்கே உண்டு. ஒருமுறை ஒழித்த எலிகள் இந்தத் தீவில் மறுபடி தலைகாட்ட, அதே 2019 ஜனவரியில் எலிமருந்தை ட்ரோன் வைத்து வானத்திலிருந்து தூவினார்கள். இதைக் கேட்டதும் நம் ட்ரோன்காரர், "அப்போ எலிக்கு மட்டும் பறக்கலாமா?" என்றார். நியாயமான கேள்விதான்! எல்லோரும் சிரித்தோம்.

ஆகவே கை படாத தீவு என்று சொல்வது, அங்கே தினமும் கை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களை அழித்துவிட்டு எழுதுவது. மனிதன் கொண்டுவந்து விட்ட ஆட்டைச் சுட்டு ஒழித்தவர்கள், பையைச் சோதிப்பவர்கள், முட்டையை எண்ணுபவர்கள், எல்லோரும் மறைந்துபோகிறார்கள்.

பூங்காக் கட்டணம் 200 டாலர் என்பது அநியாயம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கப்பல் செலவுக்கு முன்னால் அது சில்லறை. கப்பல் கட்டுப்படியாகாது என்றால் சாண்டா குரூஸ் தீவில் புவர்ட்டோ அயோரா என்ற ஊரில் தங்கி ஒருநாள் படகில் நார்த் சீமோர் போய்வரலாம். அதே பாதை, அதே இகுவானா. வழிகாட்டி இல்லாமல் மட்டும் இறங்க விடமாட்டார்கள். அதில் பேரம் பேசாதீர்கள்.