90 சதவீதக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது

"90 சதவீதம் துல்லியமான டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க 90 சதவீதம் வாய்ப்பு" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் இடிக்கிறது. டெஸ்ட்டுக்கு முன்னால் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்ற கேள்வியே வரவில்லை.

நோயுள்ள 100 பேரில் 90 பேருக்குப் பாசிட்டிவ், நோயில்லாத 100 பேரில் 10 பேருக்கும் பாசிட்டிவ் என்றால், 90-ஐ 10-ஆல் வகுங்கள், 9. லைக்லிஹுட் ரேஷியோ என்பது இவ்வளவுதான், பெயர்தான் பயமுறுத்தும். இப்போது அறிகுறியே இல்லாத ஒருவர், நோய் இருக்க 1 சதவீதம்தான் வாய்ப்பு, அதாவது 1-க்கு 99. அந்த 1-ஐ 9-ஆல் பெருக்கினால் 9-க்கு 99, அதாவது 108-ல் 9, பாசிட்டிவ் வந்த பிறகும் சுமார் 8 சதவீதம்தான்! அதே டெஸ்ட், அதே ரிசல்ட், ஆனால் டாக்டர் ஏற்கெனவே பாதிக்குப் பாதி சந்தேகப்பட்டவர் என்றால் 90. சரி, உங்கள் கணக்கு இவருக்கு மட்டும் பொருந்தும்.

நெகட்டிவுக்குத் தனி விகிதம் உண்டு, அதை விட்டுவிட்டீர்கள். ரத்தக்கட்டிக்குப் பார்க்கும் டி-டைமர், தொற்று, ஆபரேஷன், கர்ப்பம், வயது என்று எதற்கெல்லாமோ ஏறும், அதனால் பாசிட்டிவ் பெரிதாக ஒன்றும் சொல்லாது. சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் மட்டும், பெரும்பாலும் ஸ்கேன் வரை போக வேண்டியிருக்காது.

அப்புறம் ஒரு மனக்கணக்கு: விகிதம் 2 என்றால் வாய்ப்பில் சுமார் 15 புள்ளி கூட்டுங்கள், 5-க்கு 30, 10-க்கு 45. முன்வாய்ப்பு 10-க்கும் 90-க்கும் நடுவில் இருந்தால்தான் இது ஓரளவு ஒத்துவரும், மேலே சொன்ன 1 சதவீத ஆளுக்குப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள்.