நின்றுகொண்டே கற்ற பாடம்

1996ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலை பணத்தின் அருமையைக் கற்றுத் தரும் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த அருமையை நான் வீட்டிலேயே அறிந்திருந்தேன். எதிரில் நிற்பவரின் மானத்தைக் காக்க வேண்டும் என்பதைத்தான் அந்தக் கடையில் கற்றேன்.

நாலு முழம், எட்டு முழம், பதினெட்டு முழம் என்று அளவுகளைப் படிப்பதிலேயே முதல் வாரம் போனது. சேலைப் பிரிவில் இருந்த மூத்தவரை நாங்கள் அண்ணே என்றுதான் அழைப்போம். அவர் சொன்னார்: "என்ன விலையில பாக்குறீங்கன்னு மட்டும் கேட்டுறாத தம்பி. வாய்விட்டுச் சொல்ல முடியாதவங்கதான் நம்மகிட்ட நிறைய வருவாங்க."

தீபாவளிக்கு முந்தைய வாரம், முந்தானை முடிச்சை இறுகப் பிடித்தபடி ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். அண்ணன் அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். விலை குறைந்த பருத்திச் சேலைகள் மூன்றை முதலில் விரித்து, கரையைப் பற்றிப் பேசுகிற பேச்சோடு பேச்சாக விலையையும் சொல்லி வைத்தார். அந்த அம்மாவின் விரல்கள் முடிச்சை விட்டுவிட்டு, அரக்கு நிறச் சேலையின் முந்தியைத் தடவிப் பார்க்கத் தொடங்கின. எத்தனையோ மேலாண்மை வகுப்புகளுக்குப் பிற்காலத்தில் போயிருக்கிறேன். இதற்கு ஈடான ஒன்றை எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த அண்ணனுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. காலை ஒன்பதரை முதல் இரவு பத்து வரை நிற்க வேண்டும். கலைந்த சேலைகளை மடிக்கும் சாக்கில் கவுண்டருக்குப் பின்னால் சற்றே குந்துவோம். சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டும்போது, கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டு புடைத்திருப்பது தெரியும். வாடிக்கையாளரின் மானத்தை அவ்வளவு நுட்பமாகக் காத்தவரின் காலை யாரும் காக்கவில்லை. இது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், பி. விஜி போன்றோரின் முன்முயற்சியில், முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். அதன் பலனாக 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று ஆக்கியது. ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று சில முதலாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளனாக நான் சொல்கிறேன்: எனக்கு அதில் எந்தக் குறைவும் இல்லை. ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது, அதில் உட்கார்ந்தவரை யாரும் முறைக்கவும் கூடாது.

போன மாதம் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. எங்களைக் கண்டதும் அதிலிருந்து சட்டென்று எழுந்த பெண்ணிடம், "உக்காந்தே காட்டும்மா" என்றேன். அவர் சிரித்தார், சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிறகு நின்றபடியே சேலையை விரித்தார்.