அத்தேலாஸ்: அரசன் கை மட்டும்தானா?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் மூலிகை அத்தேலாஸ். "அது அரசன் கை பட்டால்தான் வேலை செய்யும், மற்றவர்களுக்கு வெறும் களை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிதான் சரி. நாவலில், கோண்டோர் நாட்டின் மூலிகை அறிஞரே முதியவர்கள் தலைவலிக்கு அந்த இலையை ஊறவைத்துப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார். கசக்கினால் நல்ல மணம் வரும் என்பதும் அங்கே தெரிந்த விஷயம்தான். கொழிஞ்சாம்பாறையில் என் அம்மிச்சி தலைபாரத்துக்கு நொச்சித்தழையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொல்வார். அவர் எந்த நாட்டுக்கு அரசி?

நாவலின் நாயகன் ஃப்ரோடோவுக்கு எதிரியின் கத்தியால் பட்ட காயத்தை, கோண்டோர் அரியணைக்கு வாரிசான அரகோர்ன் அந்த இலையாலேயே ஆற்றிவிட்டான் என்று அவர் எழுதியதும் தவறு. வெதர்டாப் மலையடியில் இலையைக் கொதிநீரில் போட்டுக் கழுவியதும் வலியும் குளிரும் குறைந்தன, அவ்வளவுதான். கைக்கு உயிர் திரும்பவில்லை. உள்ளே தங்கியிருந்த கத்தித் துணுக்கைப் பிறகு மருத்துவத்தில் வல்ல எல்ஃப் தலைவர் எல்ராண்ட்தான் எடுத்தார். அரசன் கையின் மகிமை தெரிவது ஃபராமிர், எயோவின், மெர்ரி மூவரையும், எதிரியின் தீய சக்தியால் வந்த கருநிழல் நோயிலிருந்து அரகோர்ன் மீட்கும்போதுதான்.