அறுந்த நரம்புக்கு ஊசி மட்டும் போதாது
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டும்போது மணிக்கட்டு நரம்பு அறுந்த தம்பிக்கு, நரம்பு வளர்ச்சிக் காரணி (நரம்பணுக்களைப் பேணும் ஒரு புரதம்) ஊசி போட்டாலே போதும், அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மேலுள்ள பதிலில் ஐயா ஒருவர் எழுதியிருப்பது தவறு.

ஆய்வாளர்கள் லெவி மொந்தால்சினிக்கும் கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைக்க அக்காரணி பற்றிய ஆய்வும் காரணம் என்பது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் உணர்வு நரம்பணுக்களையும் பரிவு நரம்பணுக்களையும் (வியர்வை, இரத்தக் குழாய் போன்றவற்றைத் தானாக இயக்குபவை) பேணுவதேயன்றி, தசையை அசைக்கும் இயக்க நரம்புகளுக்கு அதன் துணை மிகக் குறைவு. காயத்திற்குப் பின், நரம்பு இழைகளைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் செல்களே இத்தகைய காரணிகள் பலவற்றைச் சுரந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும் இழைகளுக்கு வழிகாட்டுகின்றன. மாதங்கள் கடந்தால் அச்சுரப்பு குன்றிவிடும். முனைகளைத் தைத்து இணைக்காவிட்டால் இழைகள் திசை தவறி, வலி தரும் கட்டியாகத் திரளக்கூடும். கருவிழிக்கு இக்காரணியாலான சொட்டு மருந்து உண்டு. கைக்கு அது பொருந்தாது.

தம்பியை ஈப்போவில் கை அறுவை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.